எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு சொன்ன முதுகு வலி: கடலூர் ஜிம்னாஸ்ட் பொண்ணு ஒருத்தியோட கேஸ்

வயசு 15 வருஷம் 3 மாசம். ஊரு கடலூர் பக்கம் ஒரு கடலோர கிராமம், அப்பா விசைப்படகுல போறவரு, அம்மா வீட்டுல இருக்காங்க, கூட ஆயாவும் ஒரு தம்பியும். ஒம்பது வயசுல இருந்து ஆர்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றா, ஸ்கூல் கடலூர்ல, பயிற்சி புதுச்சேரில. கீழ்முதுகுல இடது பக்கம் ஏழு வாரமா வலின்னு ஜூலை ரெண்டாவது வாரம் என்கிட்ட வந்தா. நான் புதுச்சேரில ஃபிசியோதெரபிஸ்ட், விளையாடுற பிள்ளைங்கதான் எனக்கு அதிகமா வர்றது. பொண்ணும் அவ அம்மாவும் இத எழுத சம்மதிச்சிருக்காங்க, அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன்.

இவ்ளோ நீளமா எழுதுறதுக்கு ஒரே காரணம்தான். முதுகெலும்புல வந்த இந்தப் பிரச்சனைக்கான காரணத்த முதுகெலும்புக்குள்ள மட்டும் தேடியிருந்தா பாதிதான் கிடைச்சிருக்கும். மீதிப் பாதி அவ டிபன் பாக்ஸ்லயும், கடலூர் பஸ்லயும், வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சும் யாரும் டாக்டர்கிட்ட சொல்லாத ஒரு விஷயத்துலயும் இருந்துச்சு.

வலி வந்த விதம்

மே கடைசி வாரம் ஆரம்பிச்சிருக்கு. எந்த நாள்னு அவளால சொல்ல முடியல, கீழ விழல, "டக்"குனு சத்தம் எதுவும் கேக்கல. முதல்ல பேக் வாக்ஓவர் (பின்னால வளைஞ்சு கைய ஊனி கால தூக்கிப் போட்டு எழுறது) பண்றப்போ மட்டும், அப்புறம் லேண்டிங்ல, அப்புறம் ஸ்கூல்ல ரெண்டு பீரியட் சேந்தாப்ல உக்காந்தா, ஜூன் கடைசில பஸ்ல நின்னுட்டு வந்தாலே வலிக்க ஆரம்பிச்சிருச்சு. குனிஞ்சா வலி இல்ல, பின்னால வளைஞ்சாதான். கால்ல மரத்துப்போறது, குத்துறது எதுவும் இல்ல. காய்ச்சல் இல்ல, ராத்திரி வலில முழிச்சதும் இல்ல.

ஜூன்ல ஒரு இடத்துல காமிச்சிருக்காங்க, எக்ஸ்ரே எடுத்து நார்மல்னு சொல்லி, சதப்புடிப்புன்னு வலி மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் குடுத்திருக்காங்க. மாத்திரை போட்ட அஞ்சு நாள் வலி தெரியல, அதனால அந்த அஞ்சு நாளும் முழு பயிற்சி போயிருக்கா. இங்கதான் எனக்கு மனசு கேக்கல. வளர்ற பொண்ணு, பின்னால வளைஞ்சா வலி, வாரத்துக்கு இத்தன மணிநேரம் ஜிம்னாஸ்டிக்ஸ்னு மூணும் சேந்து வந்தா நார்மல் எக்ஸ்ரேவ வச்சு ஒண்ணும் இல்லன்னு முடிவு கட்டக்கூடாது. எலும்புல விரிசல் கோடு விழுந்து, அது கேமரா கோணத்துல நேரா சிக்குனாதான் எக்ஸ்ரேல தெரியும். அதுக்கு முந்தின நிலைல எலும்புக்குள்ள நீர் கோத்துட்டு இருக்கும், அது எம்ஆர்ஐல மட்டும்தான் தெரியும், நாம புடிக்க வேண்டியதும் அந்த நிலைலதான்.

பயிற்சி எவ்ளோ நேரம்னு கேட்டேன். சாதாரணமா வாரத்துல மூணு சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும், மொத்தம் ஒரு 12 மணிநேரம். ஏப்ரல், மே லீவுல காலைல சாயங்காலம்னு ரெண்டு வேளை, 24 மணிநேரத்துக்குப் பக்கம். ஒரே மாசத்துல ரெண்டு மடங்கு. ஒரே விளையாட்ட ஆடுற பிள்ளைக்கு வயசு எத்தனையோ வாரத்துக்கு அத்தன மணிநேரத்துக்கு மேல வேணாம்னு விளையாட்டு மருத்துவத்துல ஒரு பொதுவான அளவு சொல்வாங்க, இவளுக்கு அது 15. கோச்சையும் குறை சொல்ல முடியல, லீவு விட்டா எல்லா ஊர்லயும் இப்படித்தான் பண்றாங்க, ஆகஸ்ட்ல போட்டி இருந்துச்சு.

பழைய வலி ஏதாவது உண்டான்னு கேட்டா மொதல்ல இல்லன்னா. "மணிக்கட்டு?"ன்னு தனியா கேட்டதும் "அது எப்பவும் இருக்கும்க்கா, எல்லாருக்கும் இருக்கும்"ன்னு ரொம்ப சாதாரணமா சொன்னா. 13 வயசுல இருந்தே வால்ட்டுக்கு (ஓடி வந்து மேசை மேல கைய ஊனித் தாண்டுறது) அப்புறம் ரெண்டு மணிக்கட்டும் வலிக்குமாம், சுளுக்குன்னு நீவி விட்டுருக்காங்க, டேப் சுத்திட்டுப் போவாளாம். இது பின்னாடி வரும்.

உடம்ப பாத்தப்போ

உயரம் 150 செமீ, எடை 38 கிலோ. பிஎம்ஐ 16.9, அட்டவணைல வச்சா ஒல்லின்னு சொல்லலாம், ஆபத்துன்னு சொல்ற கோட்டுக்குக் கீழ போகல. ஆனா கோச் ஒரு ரெஜிஸ்டர் வச்சிருக்காரு, மாசா மாசம் உயரமும் எடையும் எழுதுவாரு, அத வாங்கிப் பாத்தா ஒம்பது மாசத்துல நாலு செமீ வளந்திருக்கா, எடை ஒரு கிலோ கூட ஏறல. வளர்ற பிள்ளை உயரம் ஏறி எடை அப்படியே நின்னா, உடம்பு எங்கயோ மிச்சம் புடிக்குதுன்னு அர்த்தம். ஒரு நாள் எடைய மட்டும் பாத்திருந்தா இது கண்ணுல பட்டிருக்காது. நாடி நிமிஷத்துக்கு 56. ஜூலை மாசத்து புழுக்கத்துலயும் கை ஜில்லுனு இருந்துச்சு.

இடது கால்ல மட்டும் நின்னு பின்னால வளையச் சொன்னேன், வலி இடது எல்5 (இடுப்பு முதுகெலும்புல கடைசி எலும்பு) பக்கத்துல ஒரு விரல் வச்சு காட்டுற மாதிரி ஒரே இடத்துல. வலது கால்ல நின்னா லேசா. இந்த டெஸ்ட் பாசிட்டிவ்னா மட்டும் எலும்புன்னு சொல்லிட முடியாது, இல்லன்னா எலும்பு இல்லன்னும் சொல்ல முடியாது, ஆனா விரல் வச்சு ஒரே புள்ளிய காட்டுறத நான் எப்பவும் சீரியஸா எடுப்பேன்.

அப்புறம் பிரிட்ஜ் (கையும் காலும் தரைல ஊனி வயிறு மேல பாக்க வில்லு மாதிரி வளையறது) போடச் சொல்லி பக்கவாட்டுல இருந்து ஒரு ஃபோட்டோ எடுத்தேன், அரை நிமிஷம் கூட நிக்க விடல. பாக்க அழகான பிரிட்ஜ், ஆனா ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாத்தா தோள் காதுக்குப் பின்னாடி போகவே இல்ல, தொடையோட முன்பக்கம் இழுத்துப் புடிச்சு இடுப்பு மூட்டும் திறக்கல, நடு முதுகு பலகை மாதிரி நேரா. மொத்த வளைவும் பேன்ட் எலாஸ்டிக் இருக்குற இடத்துல, ரெண்டு எலும்பு அகலத்துக்குள்ள மடங்கியிருக்கு. வருஷக்கணக்கா ஒவ்வொரு வாக்ஓவரும் ஒவ்வொரு ஹேண்ட்ஸ்பிரிங்கும் அந்த ரெண்டு எலும்பு மேலதான் ஏறியிருக்கு. அவகிட்ட ஃபோட்டோவ காமிச்சேன், ரொம்ப நேரம் பாத்துட்டு "தோள்தான் பிரச்சனையாக்கா?"ன்னு கேட்டா. புத்திசாலி பொண்ணு.

ஸ்கேன்

எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பினேன், அவரு இடுப்பு முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எழுதினாரு. கொழுப்போட வெளிச்சத்த அடக்கி நீர மட்டும் பளிச்சுனு காட்டுற வரிசை அதுல கட்டாயம் இருக்கணும், இல்லன்னா இத தவற விடுற வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்ல எல்5 எலும்போட இடது பார்ஸ் பகுதில நீர்க்கோப்பு, விரிசல் கோடு இல்ல, எலும்பு நகரல, டிஸ்க் நல்லாருக்கு. அதாவது ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன், முழு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சருக்கு முந்தின படி. இந்த நிலைல புடிச்சா பெரும்பாலும் நல்லா ஒட்டிக்கும், விரிசல் பழசாகி ஓரம் மழுங்கிட்டா ஒட்டுறது ரொம்ப கஷ்டம்.

பார்ஸ்ங்கிறது முதுகெலும்போட பின்பக்கம் மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவுல இருக்குற ஒடுக்கமான எலும்புப் பாலம். பின்னால வளையறப்போ மேல இருக்குற எலும்பு வந்து அதுல முட்டும். ஜிம்னாஸ்ட் பொண்ணுங்களுக்கு இது அதிகம்ங்கிறது புதுசா கண்டுபுடிச்ச சமாச்சாரம் இல்ல, 1976லயே ஜாக்சனும் கூட இருந்தவங்களும் 100 இளம் ஜிம்னாஸ்ட் பொண்ணுங்களுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாத்து 11 பேருக்கு பார்ஸ் விரிசல் இருந்தத எழுதியிருக்காங்க, சாதாரணப் பொண்ணுங்கள விட நாலு மடங்குக்கும் மேல.

எலும்பு அடி வாங்கி சேதமாகுறது தப்பான விஷயம் இல்ல, அப்படித்தான் அது கெட்டியாகும். சேதமான இடத்த ஒரு வகை செல் தோண்டி எடுக்கும், அதுக்கு ரெண்டு மூணு வாரம் போதும். இன்னொரு வகை செல் வந்து புது எலும்பு கட்டும், அதுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆகும். நம்ம கடலூர் ரோட்ட பைப் போட தோண்டிட்டு தார் போட நாள் கடத்துறப்போ அந்தப் பள்ளத்து மேலயே பஸ் போனா என்னாகுமோ அதுதான் இங்கயும். போக்குவரத்த ரெண்டு மடங்காக்கினது சம்மர் பயிற்சி. தார் வராம போனதுக்கு காரணம் வேற, அது அடுத்து.

சாப்பாடு, அப்புறம் வீட்டுல பேசாத விஷயம்

எலும்புல ஸ்ட்ரெஸ்னு ரிப்போர்ட் வந்த எந்தப் பொண்ணுகிட்டயும் நான் ரெண்டு கேள்வி கேக்காம விடமாட்டேன், என்ன சாப்புடுற, பீரியட்ஸ் ஒழுங்கா வருதா. ரெண்டாவது கேள்விய கேட்டதும் அம்மா பொண்ண பாத்தாங்க, பொண்ணு தரைய பாத்தா, ஆயாதான் பதில் சொன்னாங்க, "இன்னும் ஒக்காரல கண்ணு. ஓடி ஆடுற புள்ள, ஒடம்புல ஏதாச்சும் நின்னாத்தான வரும்". ஆயா சொன்ன அந்த ஒரு வரில மொத்த கேஸும் இருந்துச்சு. சொந்தக்காரங்க சடங்கு எப்போன்னு கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு கல்யாண வீட்டுக்குப் போறதே வெறுத்துப் போச்சாம், கோயில்ல வேண்டுதல் கூட வச்சிருக்காங்க. எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல, அவங்களும் கேக்கல, முதுகு வலிக்கு வந்த இடத்துல இத எதுக்குப் பேசணும்னு நினைச்சிருக்காங்க.

15 வயசு முடிஞ்சும் வயசுக்கு வரலன்னா அது பாக்க வேண்டிய விஷயம், அது ஜிம்னாஸ்டா இருந்தாலும் சரி. "விளையாடுற பொண்ணுக்கு லேட்டாதான் ஆகும்"னு கோச்சுங்களும் சொல்வாங்க, வீட்டுலயும் சொல்வாங்க. கொஞ்சம் தள்ளிப் போகும்தான், ஆனா காரணம் பாக்காம அந்த வாக்கியத்த சமாதானமா சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். ஜிம்னாஸ்டிக்ஸ்ல சின்ன உடம்பு நல்லதுன்னு ஒரு நினைப்பு ரொம்ப காலமா இருக்கு. சர்வதேச சம்மேளனமே 1997ல பெண்களுக்கான சீனியர் வயச 15ல இருந்து 16க்கு ஏத்துச்சு, வளர்ற உடம்புக்கு கொஞ்சம் நேரம் குடுக்கணும்னுதான்.

சாப்பாட்ட ஒரு நாள் கணக்கா சொல்லச் சொன்னேன், மே மாசத்து நாள். காலைல 5 மணிக்கு எழுந்து டீ, ரெண்டு பிஸ்கட். 6 மணி பஸ்ல புதுச்சேரி, 7ல இருந்து 9 வரைக்கும் பயிற்சி. அப்புறம் கூட வர்ற அக்கா ஒருத்தங்க ரூம்ல வெயில் தாழ இருப்பா, அங்க ரெண்டு மூணு இட்லி. மதியம் கட்டிட்டு வந்த சோறு, வெயில்ல பாதிதான் எறங்கும். 4ல இருந்து 6.30 வரைக்கும் மறுபடி பயிற்சி, பஸ் புடிச்சு வீட்டுக்குப் போக 8 மணி. ராத்திரி ஒரு தோசை, இல்லன்னா ஒண்ணும் இல்ல. ஏன்னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் கழிச்சுதான் சொன்னா, லியோடார்ட்ல (உடம்போட ஒட்டுற ஜிம்னாஸ்டிக்ஸ் உடை) வயிறு தெரியுதுன்னு ஒரு சீனியர் பொண்ணு சொன்னாளாம், அன்னிலேருந்து ராத்திரி சோறு இல்ல.

இன்னொரு விஷயமும் சேந்துருக்கு. கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு கரைலதான் நிக்கும், அப்பாவுக்கு வருமானம் இல்ல, வீட்டுக்கு வர்ற மீனும் கொறஞ்சு போச்சு. தடைக்காலத்துல வாரத்துல ரெண்டு நாள்தான் முட்டை, பால் டீக்கு மட்டும்னு அம்மா ரொம்ப தயங்கித் தயங்கி சொன்னாங்க. இந்தக் குடும்பத்துல யாரும் பிள்ளைய பட்டினி போடல. பயிற்சி ரெண்டு மடங்கான அதே ரெண்டு மாசத்துல சாப்பாடு கொறஞ்சது, கத்திரி வெயிலும் அதுலதான், அவ உடம்பு உயரமா வளந்துட்டு இருந்ததும் அப்பதான். நாலும் ஒரே காலண்டர்ல விழுந்திருக்கு.

தோராயமா ஒரு கணக்கு போட்டேன். 38 கிலோல கொழுப்பு போக மீதி 33 கிலோன்னு வச்சுக்கலாம். அந்த மாதிரி ஒரு நாள்ல உள்ள போனது ஏறக்குறைய 1,400 கலோரி, பயிற்சில செலவு 600. மிச்சம் 800, அத 33ஆல வகுத்தா கிலோவுக்கு 24. பயிற்சி செலவு போக உடம்ப நடத்த கிலோவுக்கு 45 கலோரி பக்கம் இருந்தா நல்லது. 2003ல ஆன் லவுக்ஸும் துமாவும் பண்ண ஆய்வுல 30க்குக் கீழ கொண்டுபோனப்போ வெறும் அஞ்சே நாள்ல மூளைல இருந்து வர்ற எல்எச் ஹார்மோனோட துடிப்பு தாளம் தப்புனத காட்டினாங்க. அதுவும் வளர்ந்து முடிஞ்ச பெண்களுக்கு, வளர்ற பொண்ணுக்கு இன்னும் அதிகமாவே தேவைப்படலாம். உடம்பு செலவ கொறைக்கணும்னா உசுருக்கு உடனே தேவைப்படாததத்தான் மொதல்ல நிறுத்தும், பீரியட்ஸையும் புது எலும்பு கட்டுறதையும். 1992ல இருந்து இத பெண் விளையாட்டு வீரர்களோட மூணு கண்ணின்னு சொன்னாங்க, கொறஞ்ச சாப்பாடு, நின்னுபோன பீரியட்ஸ், பலவீனமான எலும்பு. 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இத விரிச்சு ரெட்-எஸ்னு பேர் வச்சுது, இதயம், குடல், மனசு, நோய் எதிர்ப்பு எல்லாத்தையும் இது தொடும்னு சேத்துச்சு, 2023ல மறுபடி திருத்தி எழுதியிருக்காங்க.

மத்த டெஸ்ட்டுங்க

குழந்தைங்களுக்கான ஹார்மோன் டாக்டர் பாத்தாங்க. தைராய்டு, புரோலாக்டின் நார்மல். எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரஜன் மூணுமே கம்மி, அதாவது சினைப்பைல கோளாறு இல்ல, மேல மூளைல இருந்தே உத்தரவு வரல. ஸ்கேன்ல கர்ப்பப்பை சின்னதா ஆனா சரியா இருந்துச்சு. உடம்புல இரும்புச்சத்து இருப்ப காட்டுற ஃபெரிட்டின் 11, வைட்டமின் டி 14, ரெண்டுமே கம்மி. பகல் பூரா உள்ளரங்கத்துலயும் ரூம்லயும் இருக்குற பொண்ணுக்கு கடலோரத்துல இருந்தாலும் வெயில் கிடைக்காதுன்னு அம்மாவுக்குப் புரிய வைக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. எலும்பு அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன்ல முதுகெலும்பு இசட் ஸ்கோர் (அதே வயசு பிள்ளைங்களோட ஒப்பிடுறது) மைனஸ் 1.2. இந்த வயசுக்கு இளம் பெரியவங்களோட ஒப்பிடுற டி ஸ்கோர் பாக்கக்கூடாது, இசட்தான். ஜிம்னாஸ்ட் பொண்ணுங்களுக்கு ஓயாம தரைல இடிச்சு இடிச்சு சாதாரணப் பொண்ணுங்கள விட எலும்பு அடர்த்தி அதிகமா இருக்கணும், அந்தக் கணக்குல இவளுக்கு மைனஸ்ல வந்தது எனக்கு ரொம்பக் கவலையா இருந்துச்சு.

எலும்பு வயசு பாக்க இடது கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்க, வந்தது 13 வயசு எலும்பு. அதே படத்துல இன்னொண்ணு மாட்டுச்சு. ஆரை எலும்போட (முன்கைல கட்டைவிரல் பக்கத்து எலும்பு) கீழ் முனைல, எலும்பு நீளுற இடமான வளர்ச்சித் தட்டு இயல்பா இருக்குறத விட அகலமா, ஓரம் கரடுமுரடா. ரெண்டு வருஷமா சுளுக்குன்னு நீவுன மணிக்கட்டுதான் அது. 1985ல ராய், கெய்ன், சிங்கர்னு மூணு பேரு 21 ஜிம்னாஸ்ட் பிள்ளைங்களோட மணிக்கட்ட பத்தி எழுதினாங்க, எக்ஸ்ரேல மாற்றம் தெரிஞ்சவங்களுக்கு வலி குணமாக குறைஞ்சது மூணு மாசம் ஆச்சு, தெரியாதவங்களுக்கு சராசரி நாலு வாரம்தான். கண்டுக்காம கைல எடை ஏத்திட்டே இருந்தா அந்தத் தட்டு சீக்கிரமே மூடிக்கலாம், பக்கத்து எலும்பு மட்டும் நீண்டுபோய் மணிக்கட்டு காலத்துக்கும் தொந்தரவு பண்ணும். வலது கைக்கும் எடுத்தோம், அதே மாதிரிதான். ஆக எலும்புல ஸ்ட்ரெஸ் மூணு இடத்துல, காரணம் பொதுவானது.

சிகிச்சை

மூணு மாசத்துக்கு வளையறதும், குதிக்கிறதும், கைல எடை ஏத்துறதும் கிடையாதுன்னு சொன்னப்போ அவ அழுதா. தீபா கர்மாக்கர் 2016 ரியோல வால்ட்ல 15.066 எடுத்து நாலாவது வந்த வீடியோ அவ ஃபோன்லயே இருக்கு, அந்த மாதிரி வரணும்னு இருக்குறவ. போட்டி போச்சு. அவ அழறத நிறுத்தணும்னு நான் எதுவும் சொல்லல, பண்ண வேண்டிய வேலைய பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், ஏன்னா இந்தப் பிள்ளைங்களுக்கு சும்மா இருன்னு சொன்னா பைத்தியம் புடிச்சிரும். தினமும் ஜிம்முக்குப் போகணும், கூட்டத்தோடதான் இருக்கணும், ஆனா அவளோட வேலை வேற: தோள் திறக்குறது, தொடை முன்பக்கம் இழுத்து விடுறது, நடு முதுகு சுழல வைக்கிறது, முதுகு நகராம வயித்தையும் பக்கவாட்டையும் பலப்படுத்துறது, கால் பலம். பெல்ட்ட கழட்டச் சொல்லிட்டோம், ஓய்வு ஒழுங்கா எடுத்தா பெல்ட்டால கூடுதல் லாபம் இருக்குன்னு தெளிவா காட்டின ஆதாரம் இல்ல. வலி மாத்திரையும் நிறுத்தியாச்சு, வலி தெரிஞ்சாத்தான் அளவு தெரியும்.

சாப்பாடுதான் நிஜ சிகிச்சை, அதுக்கு நான் வீட்டுக்குப் புதுசா எதையும் வாங்கச் சொல்லல. ரெண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு பெரிய கடலை மிட்டாய்னு சேத்தாலே 600 கலோரி பக்கம் வந்துரும். அத எப்போ சாப்புடணும்ங்கிறதுதான் முக்கியம். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் ஸ்கூல் விட்டதும் பஸ் ஏறுற முன்னாடி, பயிற்சி முடிஞ்ச அரை மணிக்குள்ள முட்டையும் மதியம் கட்டின சாதத்துல மிச்சமும், ராத்திரி சோறு கட்டாயம், படுக்குற முன்னாடி பால். காலைல டீ பிஸ்கட்டுக்கு பதிலா கேழ்வரகு கூழ். கேழ்வரகுல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கு, இந்த வயசுக்கு தேவை நாளைக்கு 1,000 மில்லிகிராம் அளவுக்கு. நெத்திலிய முள்ளோட சாப்புட்டா அதுலயும் கால்சியம், வீட்டுல கருவாடு எப்பவும் இருக்கு, அவதான் நாறுதுன்னு ஒதுக்கிட்டு இருந்தா. இரும்புச்சத்து மாத்திரையும், வாரத்துக்கு 60,000 யூனிட் வைட்டமின் டியும் டாக்டர் குடுத்தது.

பீரியட்ஸ் வர வைக்க ஹார்மோன் மாத்திரை வாங்கிக்கலாமேன்னு சித்தி ஒருத்தங்க சொல்லியிருக்காங்க, அம்மாவும் ஆசையா கேட்டாங்க. டாக்டர் முடியாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க, எனக்கு அதுல ரொம்ப நிம்மதி. கருத்தடை மாத்திரை குடுத்தா மாசா மாசம் ரத்தம் வரும், ஆனா அது மாத்திரை நிறுத்துறதால வர்றது, உடம்பு தானா பண்றது இல்ல. எலும்புக்கும் அதனால பாதுகாப்பு கிடைக்காது, சாப்பாடு போதலங்கிற ஒரே அடையாளமும் மறைஞ்சுபோகும்.

கோச்கிட்டயும் பேசினேன். "லியோடார்ட் போட்ட பிள்ளைங்க உடம்ப பத்தி யாரும் பேசக்கூடாதுன்னு நீங்க சொன்னா கேப்பாங்க சார்"னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு "நானே அப்படி பேசியிருக்கேன் மேடம், இனிமே இல்ல"ன்னாரு. மறுநாளே எல்லா பிள்ளைங்களையும் உக்கார வச்சு சொல்லியிருக்காரு, அவ வந்து என்கிட்ட சொன்னா.

நடுவுல ஒரு சறுக்கல்

பத்தாவது வாரம் வலி திரும்பிச்சு. ரெண்டு நாள் எதுவும் சொல்லல, அப்புறம் அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. வலி சுத்தமா போனதும் மொட்டை மாடில பாய் போட்டு வாக்ஓவர் பண்ணிப் பாத்திருக்கா. திட்டல. அவ பயந்தது திரும்ப உடைஞ்சிருச்சோன்னுதான். வலி போறது மொதல்ல நடக்கும், எலும்பு கட்டுறது பின்னாடி வரும், நடுவுல ஒரு மாசத்துக்கு மேல இடைவெளி இருக்கும்னு அவளுக்கு அந்த தோண்டுற செல், கட்டுற செல் கதைய வரைஞ்சு காமிச்சேன். ரெண்டு வாரம் பின்னால போய் ஆரம்பிச்சோம். மறு எம்ஆர்ஐ 14வது வாரத்துல, நீர்க்கோப்பு முழுசா போயிருந்துச்சு, விரிசல் இல்ல.

திரும்பப் போனது படிப்படியா. மொதல்ல ஜிம்னாஸ்டிக்ஸ் கம்பில தொங்குறது, ஃபோம் மேல குதிக்கிறது, அப்புறம் மேட். மணிநேரத்த எண்ணாம லேண்டிங்க எண்ணச் சொன்னேன், ஏன்னா ரெண்டு மணிநேரத்துல 30 தடவையும் குதிக்கலாம் 150 தடவையும் குதிக்கலாம், எலும்புக்கு அதுதான் கணக்கு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, மறுநாள் காலைல வலி இருந்தா ஏத்துறது இல்ல. மணிக்கட்டுக்கு கைல எடை ஏத்துறது கடைசியா, வால்ட் அதுக்கும் கடைசி. ஆறாவது மாசம் ஜனவரில முழு ஃப்ளோர் பண்ணா. பிரிட்ஜ் ஃபோட்டோவ மறுபடி எடுத்தோம், தோள் இப்ப காதுக்குப் பின்னாடி போயிருச்சு, வளைவு மேல வரைக்கும் பரவியிருக்கு.

இப்ப இருக்குற நிலை

உயரம் 153, எடை 43. பிப்ரவரி மாசம் வயசுக்கு வந்தா. ஆயா ஃபோன் பண்ணி அழுதாங்க. சடங்குக்கு எனக்கும் பத்திரிகை வந்துச்சு, போனேன், வலி மாத்திரை குடுத்த காலத்துல அஞ்சு நாளும் பயிற்சி போன பொண்ணு அன்னிக்கு பட்டுப் புடவைல ஒரு இடத்துல உக்கார முடியாம நெளிஞ்சுட்டு இருந்தா. அடுத்த சுத்து 45 நாள்ல வந்துச்சு, ஆரம்ப வருஷங்கள்ல இவ்ளோ இடைவெளி இயல்புதான், ஆனா மூணு மாசம் வராம போனா உடனே சொல்லணும்னு சொல்லி வச்சிருக்கு. ஃபெரிட்டின் 34, வைட்டமின் டி 31. மணிக்கட்டு எக்ஸ்ரேல தட்டு பழையபடி ஒடுங்கியிருக்கு. டெக்ஸா ஒரு வருஷம் கழிச்சுதான் எடுக்கணும், அதுக்கு முன்னாடி எடுத்தா மாற்றம் சரியா தெரியாது. வளர்ச்சி வேகமா இருக்குற உச்சத்த சுத்தி ரெண்டு வருஷத்துலதான் பெரியவங்க எலும்புல ஏறக்குறைய கால்வாசி சேரும், அவளுக்கு அந்த ரெண்டு வருஷம் தாமதமா வந்தது ஒரு வகைல நல்லதா போச்சு, இன்னும் சேக்க நேரம் இருக்கு.

கோச்சோட ரெஜிஸ்டர்ல இப்ப உயரம், எடை கூட லேண்டிங் எண்ணிக்கையும் வலி இருந்துச்சான்னும் ரெண்டு கட்டம் கூடுதலா இருக்கு. பீரியட்ஸ அவரு எழுதக்கூடாதுன்னு சொல்லிட்டேன், அத பிள்ளைங்க அவங்கவங்க நோட்டுல குறிச்சு கூட இருக்குற பெண் கோச்கிட்ட மட்டும் காட்டுவாங்க. இந்த வருஷ சம்மர்ல ரெண்டு வேளை பயிற்சி இல்ல, காலைல ஒரு வேளை மட்டும், வாரத்துக்கு 15 மணிநேரத்துக்குள்ள. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தினம் ஒரு முட்டையும் பாலும் பயிற்சி முடிஞ்சதும் அங்கயே எல்லா பிள்ளைங்களுக்கும் குடுக்கணும்னு பெத்தவங்க கூட்டத்துல பேசி முடிவாயிருக்கு, தடைக்காலத்துல வருமானம் இல்லாத வீட்டுக்காரங்க பங்கு போட வேணாம்னும் சேத்துதான் எழுதியிருக்காங்க.